சிவப்பு ரிப்பன்

காவிரிப் பாலத்தின் முனையில் பதினொரு மணி வெயில் தாரிலிருந்து எழும்பி முகத்தில் அடிக்கிறது. எண்பது கிலோமீட்டர் ஓட்டத்தில் பெண்களில் முதலாவதாக வரும் விஜயராணி தண்ணீர் மேசையருகே நிற்கிறாள். கன்னத்தில் வியர்வை காய்ந்து உப்பு வெள்ளையாகப் பூத்திருக்கிறது. அவள் கை மேசைமேல் துழாவுகிறது. நீராகாரத்தில் உப்புக் கரைத்து இரண்டு பாட்டில்களில் நிரப்பி, ஆண்கள் பிரிவில் ஓடும் கணவன் முருகானந்தத்துக்கு நீல ரிப்பனும் தனக்குச் சிவப்பு ரிப்பனும் கட்டி இந்த மேசையில் வைக்கச் சொல்லி நேற்று அவள்தான் கொடுத்திருந்தாள். இப்போது மேசையில் இரண்டு ஈர வட்டங்கள் மட்டும் காய்ந்துகொண்டிருக்கின்றன.

"அண்ணன் இப்பத்தான் திரும்பி வர்றப்ப ரெண்டையும் எடுத்துட்டுப் போயிட்டாருங்கக்கா," என்கிறாள் தண்ணீர் கொடுக்கும் தஸ்லிமா. காகிதக் குவளை ஒன்றை நீட்டுகிறாள். "நீங்க பாதியிலயே நின்னுடுவீங்கன்னு சொன்னாரு."

"எப்ப சொன்னாரு?"

"விடியக்காலைல, ஓட்டம் ஆரம்பிச்சு இந்தப் பக்கமா போறப்பவே."

விஜயராணி குவளையை வாங்காமல் ஓடுகிறாள். பாலத்தின் நடுவில், கைப்பிடிச் சுவரோரம் நீல ரிப்பன் பாட்டில் காலியாக நசுங்கிக் கிடக்கிறது. நாலடி தள்ளி அவளுடைய சிவப்பு ரிப்பன் பாட்டில். ஸ்ரீரங்கத்துப் பக்கம் ஓட்டம் முடியும் இடத்திலிருந்து ஒலிபெருக்கி முருகானந்தத்தின் பெயரைத் திரும்பத் திரும்பக் கூவுகிறது. மடங்க மறுக்கும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து, அவள் தன் பாட்டிலை எடுக்கிறாள். அது கனக்கிறது. மூடியை அவன் திறக்கவே இல்லை.