இரண்டாவது ஆக்டோபஸ்

“டிக்கியை முழுசாத் திறக்காதீங்க மாஸ்டர்! போர்வையோட அப்படியே உள்ள தூக்கிட்டுப் போயிடலாம். நீங்க கீழ பிடிங்க, கழுத்தை நான் பிடிச்சுக்கறேன்.”

ஷுக்ரி தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தான். எதிர்ச்சாரியில்தான் மச்சினனின் செருப்புக்கடை. நல்லவேளை, மச்சினன் யாரோ ஒரு அம்மாளின் காலடியில் உட்கார்ந்து செருப்பு மாட்டிவிட்டுக்கொண்டிருந்தான்.

ஸ்டிக்கர் கடைக்குள் வந்து போர்வையை விலக்கியதும்தான் கடைக்காரர் வர்த்கெஸ்ஸுக்கு மூச்சு வந்தது. உள்ளே கிடந்தது ஒரு வெள்ளை எலெக்ட்ரிக் கிடார்.

“இதுக்கா சார் இத்தனை கூத்து? பிணமோன்னு பயந்துட்டேன்.”

“மார்லெனுக்குத் தெரிஞ்சா பிணம் விழும். என்னோடது.”

மார்லென் அவன் மனைவி. இன்னொரு கிடார் வீட்டு வாசலை மிதித்தால் அன்றைக்கே ஜாஹ்லேயில் இருக்கும் அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிடுவேன் என்று மாதா படத்தின் முன்னால் சத்தியம் செய்தவள். சொன்னால் செய்கிற ரகம்.

ஷுக்ரியின் திட்டம் ரொம்ப எளிமையானது. இவ்வளவு எளிமையான திட்டங்கள் கணவர்களுக்குத்தான் தோன்றும். வீட்டுக் கிடார் முழுக்க ஒரு வினைல் படம். நீலக் கடலில், கூலிங் கிளாஸ் போட்ட ஆக்டோபஸ் ஒன்று எட்டுக் கையையும் விரித்துக்கொண்டு மிதக்கும். அவனே வரைந்தது, ஏழு வருஷத்துக்கு முன் வர்த்கெஸ் ஒட்டிக் கொடுத்தது. புதுசிலும் அதையே ஒட்டிவிட்டால் ஒன்று வீட்டில், ஒன்று ஆபீஸ் பீரோவில். இரண்டையும் சேர்த்துப் பார்க்காதவரை மார்லெனுக்குக் கிடார் ஒன்றுதான்.

“ஒண்ணுதான் இருக்கே சார், இன்னொண்ணு எதுக்கு?”

“பழசு செத்துப்போச்சு மாஸ்டர். போன மாசம் வீட்டுக்குப் புது வாஷிங் மெஷின் வந்துச்சு. மார்லெனுக்குச் சீட்டு விழுந்ததாம். அன்னிலேர்ந்து கிடார்ல ஜீவனே இல்ல. ஜெனரேட்டர் கரண்டையெல்லாம் அந்த மெஷினே குடிச்சுடுது.”

“மெஷின் ஓடாதப்போ?”

“அப்பவும் அப்படித்தான். ஒரு தடவை கெட்ட கரண்ட் கெட்டதுதானே?”

இன்ஷூரன்ஸ் ஆபீஸ்காரரின் மின்சார ஞானத்தை வர்த்கெஸ் கொஞ்ச நேரம் மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதை டோராவுல ஒரு பழைய சாமான் கடையில பார்த்தேன்,” என்றான் ஷுக்ரி. “கையில எடுத்தேன், மடியில வந்து உக்காந்துக்கிச்சு. என்னா நாதம்! என் கண்ணைக் கட்டிட்டு நூறு கிடார் குடுங்க, என்னோடது எதுன்னு சொல்றேன். காது அப்படி எனக்கு.”

வர்த்கெஸ் கம்பிகளைக் கழற்றினார், குமிழ்களைக் கழற்றினார், ஸ்பிரிட் தொட்டு உடம்பு முழுக்கத் துடைத்தார்.

“அளவு எடுக்கலையா மாஸ்டர்?”

“எதுக்கு? உங்க ஆக்டோபஸ் கம்ப்யூட்டர்லயே தயாரா இருக்கு.”

கழுத்தோரம் நீண்டிருந்த மேல் கொம்பைத் துடைக்கும்போது அவர் கை நின்றது. அங்கே பிறை மாதிரி ஒரு கீறல்.

“சார், இந்தக் கீறல்...”

“தெரியும், தெரியும். கத்தி பிடிக்கத் தெரியாத எவனோ பண்ணின வேலை. அதைக் காட்டித்தான் விலையைப் பாதியாக்கினேன். நம்மகிட்டயா!”

வர்த்கெஸ்ஸுக்குத் திடீரென்று இருமல் வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமினார். தோள் மட்டும் ரொம்ப நேரம் குலுங்கியது.

அப்புறம் வேலையில் இறங்கினார். நடுவிலிருந்து ஓரத்துக்குப் பிளாஸ்டிக் பட்டையால் வழித்து வழித்துக் காற்றுக் குமிழிகளை விரட்டினார். வளைவுகளில் ஹீட் கன்னால் சூட்டுக் காற்றைக் காட்டியதும் வினைல், அடுப்பிலிருந்து எடுத்த பாலாடைக்கட்டி மாதிரி இளகிப் படிந்தது. ஏழு கைகள் ஒட்டியாயிற்று. எட்டாவது கை கீறலை மூட வேண்டியதுதான் பாக்கி.

கடைக் கதவு திறந்தது. மார்லென்!

“போர்வை போத்திப் பிணம் மாதிரி என்னமோ தூக்கிட்டுப் போறார்னு தம்பி போன் பண்ணினான்.”

“என் உசிரே! ஒண்ணுமில்ல... நம்ம கிடார்தான். ஓரம் உரிஞ்சுது, ஒட்ட வந்தேன்.”

“நம்ம கிடாரா? அதை இப்பத்தான் தூசி தட்டி ஆணியில மாட்டிட்டு வரேன்.”

மார்லென் கத்தவில்லை. அதுதான் ஷுக்ரிக்குப் பயமாக இருந்தது. கைப்பையிலிருந்து போனை எடுத்தாள்.

“அம்மா, ராத்திரி சாப்பாட்டுக்கு எனக்கும் சேர்த்து வெச்சுடு. ஆமா, பெட்டியோடதான் வரேன்.”

“மார்லென், உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன். வேணும்னா ரெண்டையுமே குடுத்துடறேன். நீ போகாத!” ஆக்டோபஸ் மாதிரி எட்டுக் கை இருந்திருந்தால் அத்தனையையும் கூப்பியிருப்பான். கண் நிஜமாகவே கலங்கிவிட்டது.

மார்லென் வாசல் பக்கம் திரும்பினாள். வர்த்கெஸ் ஹீட் கன்னை அணைத்தார். ஒட்டாத எட்டாவது கையைத் தூக்கிப் பிடித்து, கிடாரை அவள் பக்கம் சாய்த்துக் கீறலைக் காட்டினார்.

“கொஞ்சம் நில்லுங்கம்மா. கத்தி பிடிக்கத் தெரியாத அந்த எவனோ நான்தான். போன மாசம் பழைய ஸ்டிக்கரை உரிக்கும்போது பட்டது.”

மார்லென் கீறலைப் பார்த்தாள். போனில் அம்மா “ஹலோ, ஹலோ” என்று கத்திக்கொண்டே இருந்தாள்.

“சாருக்குச் சொல்ல மாட்டேன்னுதான் சொல்லியிருந்தேன், மன்னிச்சுக்கங்க. ஆணியில டூப்பை மாட்டிட்டு நீங்க வித்தீங்களே, அந்த அசல்தாம்மா இது!”