கோது சிவக்கும் நேரம்

பட்டப்பகலில் குசினி யன்னலுக்குப் போர்வையைக் கட்டி இருட்டாக்கினார் என் கணவர்.

அக்கம்பக்கத்து வெள்ளைக்காரர்கள் என்ன நினைத்தார்களோ, கடவுளுக்கே வெளிச்சம்.

எழுபத்தைந்தாம் ஆண்டு, குளிர் முடிகிற மாதம். ஸ்பிரிங்வேலில் ஒரு வாடகை வீடு. அடுப்புக்குப் பக்கத்தில் கேக் தட்டில் தண்ணீர். அதற்குள் இடுப்பளவு நனைந்தபடி, சுட்டு முடிந்த பித்தளைத் தோட்டாக் கோதுகள் நின்றன.

டண்டினொங் தொழிற்சாலையில் கூட வேலை செய்தவர்கள் இவரைத் துப்பாக்கி கிளப்பில் சேர்த்துவிட்டிருந்தார்கள். எறும்பையும் மிதிக்காத சைவக்காரர். கடதாசி வட்டத்தை மட்டும்தான் சுடுவார். கோதில் திரும்பவும் வெடிமருந்து அடைத்துப் பாவிப்பதென்றால், முதலில் அதன் கழுத்தைச் சூடுகாட்டி இளக்கவேண்டும். இல்லாவிட்டால் பிளந்துவிடும்.

கழுத்து மங்கலாகச் சிவக்கிற கணத்தில் கோதைத் தண்ணீருக்குள் சரிக்கவேண்டும். கொஞ்சம் பிந்தினாலும் பழுது. அந்தச் சிவப்பு இருட்டில்தான் தெரியும்.

“சிவப்பும் பச்சையும் எனக்கு ஒண்டுதான். நீர் பார்த்துச் சொல்லும்” என்று குளிர்காலத் தொடக்கத்தில் என்னைக் கூப்பிட்டிருந்தார்.

பாவம் என்று நினைத்தேன். சிக்னலில் எப்படிக் கார் ஓட்டுகிறீர்கள் என்று கேட்டதற்கு, எரிவது மேல் விளக்கா கீழ் விளக்கா என்று பார்ப்பாராம். என் கூறைச் சேலையும் இவருக்குப் பச்சையாகத்தான் தெரிந்திருக்குமோ என்று நான் கவலைப்பட்டது தனிக்கதை.

அன்றிலிருந்து ஞாயிறு தோறும் பக்கத்தில் நின்று நான் ‘இப்ப’ என்பேன், இவர் சரிப்பார். மற்ற நேரமெல்லாம் வாயில் கொழுக்கட்டை வைத்திருக்கிற மனிதர், அந்த இருட்டில் மட்டும் கதைப்பார். தொழிற்சாலை மேலாளரைப் போலப் பேசிக் காட்டுவார். நானும் சிரித்துவிடுவேன். அந்த இருட்டை நினைத்தால் இப்போதும் மனம் இளகும்.

ஆனால் திங்கட்கிழமை வந்தால் திரும்பவும் அழுகைதான். கண் காணாத தேசம், பேச ஒரு ஆளில்லாத வீடு. ஊருக்கே போகிறேன் என்று நின்றேன். குளிர் முடியட்டும், அப்போதும் அதே எண்ணமென்றால் விமான ரிக்கற் எடுத்துத் தருகிறேன் என்று சொல்லியிருந்தார். சொன்ன சொல் தவறாதவர். போர்வை கட்டிய அந்த ஞாயிறுக்கு மறுநாள், வேலை முடிந்து வரும்போது பயண முகவரிடம் போவதாக இருந்தார்.

அன்று மேலாளர் நடிப்பு இல்லை. தீ ஊதும் புளோ லாம்பைப் பற்றவைத்து ஒவ்வொரு கோதாகச் சூடுகாட்டிக்கொண்டிருந்தார்.

போகப்போகிறோம் என்ற சந்தோஷம் வருமென்று பார்த்தால், இனி இவருக்கு ‘இப்ப’ சொல்ல யார் என்ற யோசனைதான் வந்தது.

கோதின் கழுத்து சிவந்தது. ‘இப்ப’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சுர்ரென்ற சத்தத்தோடு இவர் கோதைத் தண்ணீரில் சரித்தார்.

தற்செயல் என்று நினைத்தேன். அடுத்ததற்கு வேண்டுமென்றே பேசாமல் நின்றேன். சிவந்த அதே கணத்தில் அதுவும் சரிந்தது. அதற்கடுத்ததும்.

நான் வாயே திறக்கவில்லை என்பது இவருக்கு உறைக்கவில்லை. நாளைய யோசனையில் நிறம் தெரியாது என்ற தன் பொய்யையே மறந்துபோயிருந்தார்.

கட்டிய பெண்சாதியைப் பக்கத்தில் நிறுத்தி வைக்க ஒரு மனிதன் இவ்வளவு தூரம் சுற்றவேண்டுமா என்று கோபம் வந்தது. கல்யாணமாகி வந்ததிலிருந்து வராத ஆசையும் கூடவே வந்தது.

“நாளைக்கு ரிக்கற் எடுக்கப் போகாதேங்கோ” என்றேன்.

இவர் கையிலிருந்த லாம்பு ஒரே இடத்தில் நின்றது. அடுத்த கோது சிவந்து, செம்மஞ்சளாகி, வெளுக்கத் தொடங்கியது.

அந்தக் குளிர்காலம் முழுவதிலும் எங்கள் கையில் பழுதானது அது ஒன்றுதான். இருவரும் பார்த்துக்கொண்டுதான் நின்றோம்.