ஏழாம் கட்டில்காரர்

ஆறாம் கட்டில் காலியாகப் போகிறது.

டிரைவர் சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொண்டார். பத்து நாளுக்கு முன்னால் கண்ணைத் திறக்கத் தெம்பில்லாமல் கிடந்த மனுஷன்.

அவர் மனைவி போர்வையைப் பையில் திணித்துக்கொண்டே, கண்ணில் பட்டவர்களுக்கெல்லாம் நன்றி சொன்னாள். நர்சுக்கு இரண்டு தரம். பல்பு மாட்ட வந்தவருக்கும் ஒன்று.

துப்புரவுக்காரி மட்டும் எதிர்வரிசையை விட்டு நகரவில்லை. துடைத்த தரையையே துடைத்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் கீழே லேபில் வேலை பார்க்கும் மேடம் படியேறி வந்தார். வார்டுப் பக்கமே எட்டிப் பார்க்காதவர். அவருக்கு ஆட்களைத் தெரியாது, குப்பியில் ஒட்டிய நம்பர்தான் தெரியும். ஒரு நம்பர் எழுந்து நடந்து வீட்டுக்குப் போவதை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும் போலிருந்ததாம்.

"எனக்கு வந்தது அவ்வளவு பொல்லாத கிருமியா மேடம்?" என்றார் டிரைவர்.

"சாதாரணக் கிருமிதான். ஆனா உங்களுக்கு ஒரு மாசம் முன்னாடி இந்த ஏழாம் கட்டில்ல ஒருத்தர் நெஞ்சுச் சளியோட கிடந்தார். அவருக்கு வந்தது வேற கிருமி. மருந்தை ஏமாத்துற வித்தை அதுகிட்ட இருந்துச்சு. பரீட்சை ஹால்ல பிட்டு கைமாறுமே, அந்த மாதிரி உங்க கிருமிக்குக் கொடுத்துடுச்சு."

"அட, நானும் எட்டாவதுல பிட்டு அடிச்சு மாட்டினவன்தான்."

"பின்னே, உங்க உடம்புல இருக்கிறது மட்டும் உட்கார்ந்து படிச்சா பாஸ் பண்ணும்?" என்றாள் மனைவி.

வார்டே சிரித்தது. துப்புரவுக்காரி கையிலிருந்த துடைப்பானைப் பார்த்தாள். ஒருவேளை இதுதான் கட்டிலுக்குக் கட்டில் கொண்டுபோய்க் கொடுத்ததோ?

"கை கழுவுற தொட்டிக்கு அடியில இருக்கிற குழாய்க்குள்ள கைமாறியிருக்கு. அதைப் பிடுங்கி வேற போட்டாச்சு" என்றார் மேடம்.

துப்புரவுக்காரி விட்ட மூச்சு அவளுக்கே கேட்டது.

"அந்த ஏழாம் கட்டில்காரர் கிருமிமேல ஒவ்வொரு மருந்தாப் போட்டுப் பார்த்தோம். ஒண்ணே ஒண்ணுதான் எடுபட்டுச்சு. அதை வெச்சுத்தான், ரிப்போர்ட் வரட்டும்னு காத்திருக்காம, நீங்க இங்க வந்து காய்ச்சல்ல விழுந்த முதல் நாளே உங்களுக்கு அந்த மருந்தை ஏத்தச் சொன்னேன்."

"அவர் இப்போ எப்படி இருக்கார்?"

நர்ஸ் சட்டென்று மருந்துத் தட்டின் பக்கம் குனிந்துகொண்டார்.

"கண்டுபிடிக்க அஞ்சு நாள் ஆச்சு" என்றார் மேடம். "அவருக்கு நாலு நாள்தான் இருந்துச்சு."

டிரைவரின் மனைவி பையைக் கீழே வைத்தாள். ஏழாம் கட்டிலின் வெள்ளை விரிப்பைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஈரத் தரை என்றும் பாராமல் நேராகத் துப்புரவுக்காரியிடம் வந்தாள்.

"அக்கா, நீங்க இங்கேயே இருக்கிறவங்க. அவர் வீடு எங்கேன்னு தெரியுமா? ஒரு வார்த்தை சொல்லாமப் போனா மனசு ஆறாது."

"நானே சொல்லிடறேம்மா."

"மறந்துடாதீங்கக்கா. அந்த மகராசன் என் குடும்பத்தையே தூக்கி நிறுத்திட்டுப் போயிருக்கார்." டிரைவரின் மனைவி அவள் கைகளை ஈரக் கையுறையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "அவர் பொண்டாட்டி நல்லா இருக்கணும்."

"இருக்கேன்..." என்று துப்புரவுக்காரிக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

அதை விழுங்கிக்கொண்டு, அந்தக் கைகளை இறுக்கிப் பிடித்து, "இருப்பாங்கம்மா" என்றாள்.