பின்னால போன ஒரே வண்டி

"நாலு மணிக்கு மலை ரோட்டு கேட்டை இழுத்து மூடிடுவாங்க, ஆரின். நீ என்னடான்னா இன்னொரு காபி கேக்குற."

மார்லிஸ் குரலை அடக்கித்தான் சொன்னா. சாப்பாட்டுக் கடை நிறைய ஆளுங்க.

வழியில வந்த ஊருங்க எல்லாம் கண்ணை மூடித் திறக்குறதுக்குள்ள முடிஞ்சு போற ஊருங்க. தேசியப் பூங்காவுக்கு முன்னாடி இதுதான் கடைசி. சர்ச் ஒண்ணு, பார் ரெண்டு. இதைத் தாண்டினா மலை ரோடுதான். காட்டெருமைங்க குறுக்க வந்து நின்னா அதுங்களா நகர்ற வரைக்கும் காத்திருக்கணும்.

பனி விழ ஆரம்பிச்சாச்சு. இன்னிக்கு ரோட்டை மூடினா திறக்க ஜூன் ஆகிடும்.

அந்த ரோட்டுல ஒரு வளைவு. அவங்க மகன் வெஸ்லி அடிபட்டுச் செத்த இடம். அங்க ஒரு வெள்ளைச் சிலுவை நட்டிருக்கு. வருஷா வருஷம் அவன் செத்த நாளுக்கு ரெண்டு பேரும் விடியும்போதே கிளம்பி வந்து, மலர் வளையம் வச்சுட்டு, பேசாம கொஞ்ச நேரம் நின்னுட்டுப் போவாங்க. ஒரு வருஷம்கூடத் தவறினதில்ல.

கடையில பரிமாறுற லோரெட்டா வழக்கம்போல மார்லிஸ் தோளைத் தொட்டு நலம் விசாரிச்சா. அப்புறம் ஆரினைத் தனியாக் கூப்பிட்டு என்னமோ காதுல சொன்னா. அதுக்கப்புறம்தான் அவன் திரும்பி வந்து உக்காந்து, அந்தக் காபியைக் கேட்டது.

ஜன்னலுக்கு வெளியே ஒரு சவ வண்டி மெதுவாப் போச்சு. பின்னாடி ஒரு வண்டி கிடையாது.

அந்தப் பக்கத்துல யார் சவம் போனாலும், முன்பின் தெரியாதவன்கூட வண்டியை ஓரங்கட்டி தொப்பியைக் கழட்டுவான். இன்னிக்குக் கடையில ஒருத்தரும் சாப்பாட்டுத் தட்டை விட்டுத் தலையைத் தூக்கல. எதிர்ல வந்த வண்டி வேகத்தைக்கூடக் குறைக்கல.

ஆரின் காபியை அப்படியே வச்சுட்டு எழுந்தான். வண்டியை எடுத்தவன் மலைப் பக்கம் திரும்பல. முன்விளக்கைப் போட்டுக்கிட்டு சவ வண்டிக்குப் பின்னாடி போனான்.

"யாரு அது? உனக்குத் தெரிஞ்சவனா?"

"கொஞ்ச நேரம்தான், மார்லிஸ்."

அவ விடல. பெத்த பிள்ளை அங்க பனியில தனியாக் கிடக்குறான், நீ யாரோ ஒருத்தனுக்குத் துணை போறியான்னு கேட்டா. கிறுக்குப் பிடிச்சிருச்சான்னு கேட்டா. அவன் பாட்டுக்கு ஓட்டிட்டே இருந்தான். இத்தனை வருஷக் கல்யாணத்துல, வாயைத் திறக்காம சண்டையில ஜெயிக்க அவன் நல்லாக் கத்து வச்சிருந்தான்.

கல்லறைத் தோட்டத்துல அவ இறங்கல. வண்டிக்குள்ள உக்காந்தே பாத்தா.

பாதிரியார், சவ வண்டி ஓட்டி வந்தவர், குழி வெட்டின ரெண்டு பேர். அவ்வளவுதான் கூட்டம். பெட்டியைத் தூக்க ஆள் பத்தல. ஆரின் போய்த் தலைமாட்டுல கை கொடுத்தான். மூட்டு வலிக்காரன். ஈர மண்ணுல ரெண்டு தடவை வழுக்கினான். பெட்டியை விடல.

ஜெபம் சீக்கிரம் முடிஞ்சுது. குழி மூடுற வரைக்கும் தொப்பியைக் கையில பிடிச்சுக்கிட்டு, நரைச்ச தலையில பனி விழ அவன் நின்னுட்டிருந்தான்.

பாத்துக்கிட்டே இருந்த மார்லிஸுக்கு, கோபம் எப்ப இறங்குச்சுன்னே தெரியல.

அவன் வந்து உக்காந்ததும் தோள்ல இருந்த பனியைத் தட்டி விட்டா. மணி நாலு தாண்டிருச்சு.

"கேட்டை மூடியிருப்பாங்க. போகுது விடு, ஜூன்ல வருவோம். வெஸ்லி புரிஞ்சுப்பான்."

ஆரின் தலையை ஆட்டினான். வண்டியைக் கிளப்பல.

"ஆனா இந்த ஊரைச் சொல்லணும்," அவ ஊர்ப் பக்கம் கையைக் காட்டினா. "என்ன ஜனங்க இதுங்க? அந்த மனுஷன் என்ன பாவம் பண்ணியிருந்தாத்தான் என்ன? கடைசியா ஒரு பிடி மண்ணு போட நாலு பேர் வரக்கூடாதா? நெஞ்சுல ஈரமே இல்ல."

ஆரின் தொப்பியை மடியில வச்சான்.

"அவங்களைத் திட்டாத, மார்லிஸ். நம்ம மனசு நோகக்கூடாதுன்னுதான் யாரும் வரல. குடிச்சுட்டு வந்து நம்ம வெஸ்லி மேல லாரியை ஏத்தினான் பாரு, பேரைக்கூடக் கேக்க மாட்டேன்னியே... அவன்தான் இவன்."