பெய்னிங்

"பெய்னிங்! பெய்னிங்!" என்று அரங்கம் காலால் தரையைத் தட்டிக் கேட்டது.

சான் ஹோசேயில் முந்நூறு பேர். முக்கால்வாசி வெள்ளைக்காரர்கள். மீதி, அம்மா அப்பாவை வீட்டில் விட்டுவிட்டு வந்த நம் பிள்ளைகள்.

சண்முகப்ரியா மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூன்று புத்தகம், ஒரு விருது, பேரைக் கேட்டாலே சிரிக்கத் தயாராகிவிடும் கூட்டம். எல்லாம் அந்த ஒரு கவிதை போட்ட பிச்சை.

இன்றைக்கு அதை வாசிக்க மாட்டேன் என்று அமைப்பாளரிடம் முன்பே சொல்லியிருந்தாள். அவர் தலையாட்டினார். பிறகு அந்தக் கவிதையின் பேரைச் சொல்லித்தான் மேடைக்கே அழைத்தார்.

கல்லூரி மேடையில் முதன்முதலாக வாசித்தபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. கோபிசெட்டிபாளையத்திலிருந்து வந்த அம்மாவின் இங்கிலீஷ்தான் கவிதை. மை ஹெட் இஸ் பெய்னிங், மை நீ இஸ் பெய்னிங், கடைசி வரியில் மை செஸ்ட். அமெரிக்காவில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. அதுதான் ஜோக். வீடியோவை இருபது லட்சம் பேர் பார்த்தார்கள்.

அம்மாவும் பார்த்தாள். அடுப்பை அணைத்துவிட்டு வந்து, ஐபேடை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முழுசாகப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்குது. பெய்னிங் தப்புன்னா வேற எப்படிக் கண்ணு சொல்லோணும்?"

ப்ரியா சிரித்தாள். அந்தக் கேள்வியை அடுத்த கவிதையில் வைத்தாள். பதில் மட்டும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அம்மா கடையில் வாய் திறப்பதில்லை. டாக்டரிடம் போனால் வலிக்கிற இடத்தை விரலால் தொட்டுக் காட்டுவாள்.

ப்ரியா அதையும் எழுதினாள். அதற்கும் சிரித்தார்கள்.

கூட்டம் விடுவதாக இல்லை. வாசித்துத் தொலைத்துவிட்டு இறங்கிவிடலாம் என்று ஆரம்பித்தாள். தலை வந்தது, முட்டி வந்தது, கடைசி வரியும் வந்தது.

மை செஸ்ட் இஸ்...

அதற்குமேல் வரவில்லை.

வேண்டுமென்றே நிறுத்துகிறாள் என்று நினைத்துக்கொண்டு முந்நூறு பேரும் ஒரே குரலில் அந்தச் சொல்லை எடுத்துக் கொடுத்தார்கள். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று.

போன மாதம் லிவர்மோர் வீட்டில் தனியாக இருந்த அம்மா அவசர உதவிக்கு 911ஐ அழைத்திருந்தாள். காரியமெல்லாம் முடிந்தபிறகு ப்ரியா அந்த அழைப்பின் ஒலிப்பதிவைக் கேட்டு வாங்கினாள்.

அதிலும் இதே மூன்று சொல். இதே இடத்தில் நிற்கிறது. என்ன செய்கிறது, என்ன செய்கிறது என்று போனை எடுத்த பெண் இங்கிலீஷில் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அம்மாவிடமிருந்து மூச்சு மட்டும்தான் வருகிறது.

பிறகு மெதுவாக, தமிழில்:

"வேற எப்படிக் கண்ணு சொல்லோணும்?"