காலியாய்க் கிடந்த கட்டம்

பேச்சு வராத ஏழு வயது நிலோபர் தலையைச் சுவரில் முட்டிக்கொள்வதை நிறுத்தி எட்டு மாதம் ஆகியிருந்தது. ஆத்திரம் கிளம்புமுன்னே கையில் கட்டிய செயற்கை அறிவுப் பட்டை மெல்ல அதிர்ந்து அதை அடக்கிவிடும். சிறப்புக் கல்விப் பேராசிரியை மரகதவல்லியின் முப்பது வருடக் குறிப்பேடுகளைப் படித்துத்தான் பட்டை அந்த வித்தையைக் கற்றிருந்தது.

"இப்ப தங்கமா இருக்கா மேடம். ஆனா காதுல சீழ் வடியுது," என்றாள் தாய் ஷகிலா. "ஜவ்வு அரிச்சுப் போயிருச்சாம். ஏழெட்டு மாசமா வலிச்சிருக்கும்னு டாக்டர் சொல்றார். ஒரு தடவைகூட அழலையே."

மரகதவல்லி பழைய குறிப்பேடு ஒன்றை எடுத்தாள். பக்கத்துக்கு மூன்று கட்டங்கள்: எதனால், குழந்தை என்ன செய்தது, எப்படி நிறுத்தினோம். முதல் கட்டத்தைச் சாவகாசமாக எழுதிக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவது அவள் வழக்கம். புரட்டப் புரட்ட அது மட்டும் காலியாகவே கிடந்தது.

குறிப்பேட்டை மூடினாள். "பட்டையைக் கழட்டிரும்மா."

ஷகிலா மகளின் கையைத் தன் மடிக்குள் இழுத்துப் பொத்திக்கொண்டாள். காதில் பஞ்சோடு நிலோபர் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"கழட்டினா அழுவாளே மேடம்."