கலவையில் குறை

குடியிருப்பின் பின்பக்கச் சுவர் மூன்றாவது தடவையாக விழுந்திருந்தது. முழுச் சுவரும் இல்லை. ரயில் நிலையத்தைப் பார்த்த மூலையில், ஒரு ஆள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நுழையத் தோதாக, அளவெடுத்த மாதிரி விழுந்திருந்தது.

சங்கச் செயலாளர் செங்கல் ஒன்றை எடுத்து, அதில் ஒட்டியிருந்த கலவையைக் கட்டைவிரலால் தேய்த்தார். மாவு போல உதிர்ந்தது.

"கொத்தனாரே, இதுல சிமெண்ட் இருக்கா?"

கொத்தனார் கரணையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"இருக்கு ஐயா. கொஞ்சம்."

வேடிக்கை பார்க்க வந்த எதிர்வீட்டுப் பல் டாக்டர், தன்னிடம் விட்டிருந்தால் சொத்தைப் பல்லை அடைக்கிற மாதிரி அடைத்திருப்பேன் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். செயலாளர் சிரிக்கவில்லை. அந்தச் சுவர் அவருக்கு மானப் பிரச்சினை.

ஓட்டை வழியாகப் போனால் நாலு எட்டில் நிலையம். இல்லாவிட்டால் முன்வாசல் வழியாக வெளியேறி மெயின் ரோட்டைச் சுற்ற வேண்டும். அங்கே நடைபாதை கிடையாது. ஒரு கால் தாரிலும் ஒரு கால் சாக்கடை ஓரத்திலுமாக, முதுகுக்குப் பின்னால் பஸ் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டே நடக்க வேண்டும்.

மாநகராட்சியிலிருந்து வந்து கேட்டார்கள். மூலையில் சின்னதாக ஒரு வாசல் விட்டால் நடக்கிறவர்களுக்கும் சைக்கிளில் வருகிறவர்களுக்கும் பாதை போட்டு, விளக்கும் வைத்துத் தருகிறோம் என்றார்கள். செயலாளர் மறுத்துவிட்டார். இருக்க இடம் கொடுத்தால் படுக்கப் பாய் கேட்பான் என்பது அவர் கட்சி. கண்டவனும் நுழைவான், குடியிருப்பு சந்தையாகிவிடும் என்று கூட்டத்தில் பேசிக் கைதட்டலும் வாங்கினார்.

சுவர் விழுந்து கிடக்கும் நாட்களில், ஆபீஸ் விட்டு வரும்போது அவரும் ஓட்டை வழியாகத்தான் வந்தார். ஒருமுறை பல் டாக்டர் பார்த்துவிட்டார். சேதம் எவ்வளவு என்று பார்வையிட வந்ததாகச் செயலாளர் சொன்னார். அதற்குப் பிறகு தினமும் பார்வையிட்டார்.

"வெளியாளுங்க உனக்குக் காசு கொடுத்தாங்களா?" என்று செயலாளர் கொத்தனாரை மடக்கினார்.

"யாரும் கொடுக்கலைங்க."

"அப்ப சங்கம் வாங்கிக் கொடுத்த சிமெண்ட் எங்க போச்சு? கல்லைத் தின்னாலும் செரிக்கும். சிமெண்டைத் தின்னா செரிக்காது கொத்தனாரே."

கொத்தனார் வாயைத் திறக்கப் போனார். பிறகு என்ன நினைத்தாரோ, மூடிக்கொண்டார். அந்த மௌனமே போதுமானதாக இருந்தது. இனி இந்தக் குடியிருப்பில் அவருக்கு வேலை இல்லை என்று செயலாளர் அறிவித்தார். பல் டாக்டர் தன் வீட்டு மாடி கட்டும் வேலையை அவருக்குத்தான் பேசி வைத்திருந்தார். அதையும் அங்கேயே ரத்து செய்தார். கொத்தனார் கரணையைக் கழுவிப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

வீட்டில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். செயலாளர் நடந்ததையெல்லாம் நடித்தே காட்டினார். செரிக்காது என்று சொன்ன இடத்தை மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

"மாடி வேலையுமா போச்சு அவருக்கு?" என்றாள்.

"பின்னே? திருட்டுப் பயல்."

"திருடலை. மிச்ச சிமெண்ட் மூட்டை மாடிப்படிக்குக் கீழதான் இருக்கு. தினமும் அது மேலதான் உட்கார்ந்து ஷூ மாட்டுறீங்க."

செயலாளர் போய்ப் பழைய போர்வையை விலக்கிப் பார்த்தார். திரும்பி வர நேரம் பிடித்தது.

"நீயா?"

"நான்தான். தள்ளினா விழற மாதிரி கட்டுங்கன்னு கேட்டேன். ஆயுசுக்கும் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னார். பேர் கெட்டாலும் சொல்லலை பாருங்க."

"உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா? ஊர் சிரிக்காதா?"

அவள் ஒரு சட்டையை உதறி மடித்தாள்.

"முதல் தடவை சுவரை எழுப்பின வாரம் மெயின் ரோட்ல நடந்து வந்தீங்க. கை கிழிஞ்ச சட்டையோட வந்து, ஆணி மாட்டிக்கிச்சுன்னு சொன்னீங்க. தைக்கறப்ப பார்த்தேன். எந்த ஆணியிலங்க பஸ் பெயிண்ட் இருக்கும்?"

செயலாளர் உட்கார்ந்துவிட்டார்.

"கொத்தனாரைக் கூப்பிட்டு மன்னிப்பு கேளுங்க. அந்த மூலையில வாசல் விடறோம்னு எழுதிக் கொடுத்துடுங்க. ஊரும் நிம்மதியா நடக்கும், நானும் நிம்மதியா இருப்பேன்."

அவர் ராத்திரி முழுக்கப் புரண்டு புரண்டு படுத்தார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் எழுந்து, தவறு செய்தவனுக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுப்பதுதான் மனிதத்தன்மை என்று பேசினார். அதற்கும் கைதட்டினார்கள். பல் டாக்டர் நெகிழ்ந்துபோய் மாடி வேலையைத் திருப்பிக் கொடுத்தார். வாசலைப் பற்றி மட்டும் பேச்சே எழவில்லை.

மறுநாள் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு, கொத்தனார் பக்கத்திலேயே நின்று செயலாளர் நேரடியாக மேற்பார்வை பார்த்தார்.

"நல்லாக் குழைங்க. யானை வந்து முட்டினாலும் அசையக் கூடாது," என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். பல் டாக்டர் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு உள்ளே போனார்.

கதவு சாத்துகிற சத்தம் கேட்டதும் செயலாளர் குனிந்தார். மூட்டையைச் சாய்த்துக்கொண்டிருந்த கொத்தனாரின் கையைப் பிடித்தார்.

"போதும் கொத்தனாரே. அதுக்கு மேல சிமெண்ட் வேண்டாம்."